அரிசி மூட்டை இருக்கட்டும், கூட என்ன தருகிறீர்கள்?

கோட்டாற்றில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவன் நான். கடையை மகனிடம் விட்டபிறகு, நாகர்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் உணவு வங்கியின் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. வங்கி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, நான்கு இரும்பு அலமாரி, ஒரு தராசு. மாதத்துக்கு ஒருமுறை பை கட்டி, தேவைப்பட்ட வீடுகளுக்குக் கொடுக்கிறோம். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பலரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தக்கலையிலிருந்து ஒருவர்: வருடா வருடம் அப்பாவின் நினைவு நாளுக்கு 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று கொடுப்போம். இந்த முறையும் அதையே கொடுக்கலாமா அண்ணாச்சி?

கொடுக்கலாம். ஆனால் எங்கள் அறையில் இப்போது நிற்பதே அரிசி மூட்டைதான். தானம் என்றதும் எல்லார் மனதிலும் முதலில் வருவது அரிசி. அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷனிலேயே அரிசி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் அந்தப் பருப்பும் எண்ணெயும் மாதப் பாதியில் தீர்ந்துவிடும். அரிசி மட்டும் பானையில் மிச்சம் இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வயதான ஒரு அம்மா வந்தார். பையை வாங்கியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அரிசியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டு, "இது வீட்டுல கெடக்கு மக்களே, இதுக்கு ஒரு கறிக்கு வழி சொல்லு" என்றார். சிறுபயறு இரண்டு பாக்கெட் கொடுத்தேன். "கஞ்சிக்குப் பயறு ஆச்சு" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சோற்றுக்குத் துணையாக வருவதைக் கொடுங்கள். சிறுபயறு, பெரும்பயறு, துவரம்பருப்பு, தேங்காய் எண்ணெய், வத்தல் மிளகாய், மல்லி, புளி, நல்லமிளகு, உப்பு. மூட்டை விலைக்கு இவற்றை வாங்கினால் எட்டுப் பத்து வீட்டுக்குக் கறி ஆகும். நம் ஊரில் தேங்காய் எண்ணெய்தான் யாருக்கும் கொடுக்க மனம் வராத சாமான். விலை அப்படி ஏறிக் கிடக்கிறது. அதனால்தான் அதைக் கேட்கிறேன்.

இல்லை, அரிசிதான் கொடுப்பது எங்கள் வழக்கம் என்றால் சரி. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து வீடுகளுக்குச் சம்பா அரிசி கொடுங்கள், அங்கே பொன்னிச் சோற்றைப் பலர் விரும்புவதில்லை. ஆனால் சம்பா வேக நேரமாகும். சிலிண்டரை எண்ணி எண்ணி எரிக்கிற வீட்டில் அதுவும் ஒரு கணக்கு. 25 கிலோவை ஐந்து கிலோவாகப் பிரித்துக் கட்டித் தந்தால் பை கட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மாலை மிச்சமாகும்.

களியக்காவிளையிலிருந்து: எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி யாரும் சாப்பிடுவதில்லை. அதைச் சேர்த்து உங்களிடம் தரலாமா?

வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ரேஷன் அரிசியை மொத்தமாக ஓரிடத்தில் வைத்திருந்தால் அது கடத்தல் அரிசியா தானமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதுவும் உங்கள் ஊர் வழியாகக் கேரள எல்லை தாண்டிப் போகும் மூட்டைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவையில்லை என்றால் அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ளலாம். அரசுக்கே விட்டுக்கொடுத்ததாக ஆகும். அல்லது பக்கத்து வீட்டில் சோறு தட்டுப்பட்டால் ஒரு படி அளந்து கொடுங்கள், அதற்கு நான் நடுவில் எதற்கு?

நாகர்கோவில் வடசேரி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தேதி நெருங்கிய பிஸ்கட், ரவை, மைதா எல்லாம் எடுத்துக்கொள்வீர்களா?

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்றிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு அதைத் தொடக் கூடாது, கொடுக்கவும் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது மணம், மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும் காலம். அந்தத் தேதி தாண்டிய மறுநாளே விஷமாகிவிடாது. ஆனாலும் நாங்கள் இரண்டையுமே தேதிக்கு ஒரு மாதம் முன்னால் கொடுத்தால்தான் எடுக்கிறோம். வாங்கி, பிரித்து, பை கட்டி, அது ஒரு வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகிவிடும்.

ரவை, மைதா விஷயத்தில் நானும் கடைக்காரன் என்பதால் ஒளிவில்லாமல் பேசுகிறேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அந்த ஈரத்தில் ரவையில் வண்டும் புழுவும் தேதி பார்த்து வராது. வெளிச்சத்தில் பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள், மூலையில் நூலாம்படை மாதிரி கட்டியிருந்தால் அது உங்கள் கடையிலேயே குப்பைக்குப் போக வேண்டியது. "ஏழைகள்தானே, சலித்துச் சாப்பிடுவார்கள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவரிடம் அதற்குப் பிறகு எதுவும் வாங்குவதில்லை.

மார்த்தாண்டம்: அடுத்த மாதம் மகள் கல்யாணம். மிஞ்சும் சாப்பாட்டை வீணாக்க மனமில்லை. எடுக்க வருவீர்களா?

எங்கள் அறையில் சமைத்த சாப்பாட்டை வைப்பதில்லை. அதற்கென்றே குளிர்பெட்டி, வண்டி எல்லாம் வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். மிஞ்சிய உணவை வாங்கி விநியோகிக்க 2019-இல் தனி விதிமுறையே வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரராக நீங்கள் செய்ய வேண்டியது சில உண்டு.

முதலில், பந்தி முடிந்தபிறகு போன் பண்ணாதீர்கள். முந்தின நாளே சொல்லிவையுங்கள். மூன்று மணிக்கு, எல்லாரும் வெற்றிலை போடும்போது கூப்பிட்டால், சோறு வெந்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டாவது, பரிமாறாத பாத்திரம் மட்டும். கரண்டி போய் வந்த பாத்திரம் வேண்டாம். சூடாக இருக்க வேண்டிய சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அண்டாவின் வெளிப்பக்கம் கை வைத்தால் சுட்டு எடுக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் அது கெடுவதற்குச் சரியான பதம்.

அந்தச் சூட்டில் இருந்தால் சாம்பாரும் சோறும் தாங்கும். அவியல், பச்சடி, மோர்க்குழம்பு போன்று தேங்காய் அரைத்து விட்டது எதையும் தராதீர்கள். நம் கல்யாணச் சாப்பாட்டில் தேங்காய் இல்லாத கறியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வேறு கதை. ஒரு யோசனை: நூறு பேருக்குக் குறைத்துச் சமைக்கச் சொல்லி, அந்தப் பணத்துக்கு எண்ணெய் வாங்கித் தாருங்கள்.

குலசேகரம்: தோட்டத்தில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய், ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை எல்லாம் இருக்கிறது. பணமாகக் கொடுக்க முடியாது, இதை எடுப்பீர்களா?

கட்டாயம் எடுப்போம். எனக்குப் பிடித்த கேள்வி இது. மரச்சீனியை மட்டும் முந்தித் தோண்டிவிடாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாக வரி ஓடிவிடும். நாங்கள் பை கட்டும் நாளைச் சொல்லுவோம், அதற்கு முந்தின மாலை பிடுங்கினால் போதும். கசப்புக் கிழங்கு என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு தண்ணீர் மாற்றி அவிக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தேங்காயை உரிக்கும்போது கண் மேல் குடுமியை விட்டுவிடுங்கள். குடுமி போன தேங்காய் சீக்கிரம் அழுகும். ஏத்தன் குலை விளைந்த காயாக வரட்டும். பழுத்ததைக் கொண்டுவந்தால் எங்கள் பிள்ளைகளே தின்று தீர்த்துவிடுவார்கள். சக்கைச் சீசனில், அதாவது பலாப்பழக் காலத்தில், சக்கையைவிடச் சக்கைக்கொட்டை தாருங்கள். கழுவி நிழலில் உலர்த்தினால் சில வாரம் கிடக்கும், கறிக்கும் ஆகும்.

குளச்சல்: கருவாடு தரலாமா?

தரலாம், ஆனால் எங்கள் அறைக்குள் வராது. ஒருமுறை நெத்திலிக் கருவாடு ஒரு சாக்கு வாங்கி வைத்தோம். அந்த மாதம் ரவை, பிஸ்கட், டீத்தூள் எல்லாம் நெத்திலி மணத்தது. ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுத்த பிஸ்கட் திரும்பி வந்தது. இப்போது பை கொடுக்கும் நாளன்று காலையில் நேராகக் கொண்டுவரச் சொல்கிறோம், வாசலில் வைத்துக் கொடுத்துவிடுவோம். நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும், கையில் ஒடித்தால் ஒடிய வேண்டும்.

தேங்காப்பட்டணம்: எந்த மாதத்தில் கொடுத்தால் அதிகம் உதவும்?

ஓணம், கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் எங்களுக்கு வைக்க இடம் இருக்காது. ஜனவரி முதல் வாரம் அலமாரியில் கேக் மட்டும் உட்கார்ந்திருக்கும். காலியாகக் கிடப்பது ஜூன், ஜூலை. அந்த நேரத்துக் கணக்கு உங்களுக்கே தெரியும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகில் போகிறவர் மட்டுமா, ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிற பெண்கள், வலை பின்னுகிறவர் என்று கரையில் எல்லார் கையும் சும்மா இருக்கும். அதே நேரம் மலைப்பக்கம் மழையில் ரப்பர் வெட்டும் நின்றுவிடும். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அப்போதுதான். பிறந்தநாள், நினைவு நாள் எந்த மாதத்தில் வந்தாலும், பொருளை ஜூனில் கொண்டு வாருங்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

திருவட்டாறு: குழந்தைகளுக்குப் பால்மாவு டின் வாங்கித் தரலாமா?

பச்சைக்குழந்தைப் பால்மாவும் பால்புட்டியும் நாங்கள் வாங்குவதில்லை. 1992-இல் வந்த சட்டம் அவற்றை இலவசமாக விநியோகிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்குத்தான் விலக்கு. இலவச டின் தீர்ந்தபிறகு தாய்ப்பாலும் வற்றியிருக்கும், டின் வாங்கக் காசும் இருக்காது. பால் கொடுக்கும் தாய்க்குக் கடலை, சிறுபயறு, கருப்பட்டி, நல்லெண்ணெய் கொடுங்கள்.

அருமனை: தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு என்ன?

அவல், ரவை, உடைத்த கோதுமை. பல் இல்லாதவருக்குக் கொண்டைக்கடலை கொடுத்து என்ன பயன்? அப்புறம், பலருக்குச் சர்க்கரை நோய். பிஸ்கட்டும் கிழங்கும் நிறைந்த பை அவர்களுக்கு உதவாது, பயறு வகை கூட்டிக் கொடுங்கள். பாக்கெட் சிறியதாக இருக்கட்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைத் தூக்கிச் சாய்க்க அந்தக் கைகளுக்குப் பலம் கிடையாது.

சுசீந்திரம்: பணமாகத் தந்தால் குறைச்சலா?

குறைச்சல் இல்லை, எனக்கு அதுதான் வசதி. கோட்டாற்றில் மொத்த விலைக்குப் பேரம் பேசுவது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எது தீர்ந்ததோ அதை வாங்கலாம். ரசீது கேட்டு வாங்குங்கள், என்ன வாங்கினோம் என்றும் கேளுங்கள்.

ஆரல்வாய்மொழி: சோப்பு, நாப்கின் எல்லாம் உணவு வங்கியில் எடுப்பீர்களா?

எடுப்போம். கேட்க வெட்கப்படுவார்கள், அதனால் நாங்களே பைக்கு அடியில் வைத்துவிடுவோம்.

நித்திரவிளை: புயல், வெள்ளம் வந்தால் உடனே என்ன அனுப்ப வேண்டும்?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது நான் கடையில் இருந்தேன். மரமும் மின்கம்பமும் விழுந்து கரண்டு இல்லை, மோட்டார் ஓடாமல் தண்ணீர் இல்லை. கடைக்கு வந்தவர்கள் மற்றவர்களுக்கு அனுப்ப அரிசி மூட்டையாக வாங்கினார்கள். அவலும் கருப்பட்டியும் முதல் நாளே தீர்ந்துபோன பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுப்பு நனைந்த வீட்டில் அரிசி என்ன செய்யும்? 2021 நவம்பர் வெள்ளத்திலும் இதே கதைதான்.

முதல் மூன்று நாளுக்கு: அவல், கருப்பட்டி அல்லது வெல்லம், பழம், ரஸ்க், வறுத்த கடலை, குடிநீர், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. இதையெல்லாம் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி அனுப்புங்கள். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, அடுப்பு மூட்டியபிறகுதான் அரிசி, பருப்பு. அந்த நேரம் ஊடகத்தில் செய்தி நின்றிருக்கும், லாரி வருவதும் நின்றிருக்கும். உங்கள் மூட்டையை அப்போது கொண்டு வாருங்கள்.

இரணியல்: பழைய ஊறுகாய்ப் பாட்டில், பாதி திறந்த மசாலா?

அது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும் அக்கா.