காலையில் மட்டும் கடகடக்கும் இன்ஜின்: எத்தனை விநாடி என்று எண்ணிப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் கார் 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பகலில் எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தாலும் வருவதில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால், "சத்தமே இல்லையே" என்கிறார்கள். இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்குமா? அதுவரை ஓட்டலாமா?

பதில்: பிரிப்பதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் சத்தம் கேட்காததிலும் ஆச்சரியம் இல்லை. நீங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகி, ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறி, சத்தத்துக்கான காரணமே மறைந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய முக்கியமான தகவல்தான் விட்டுப்போயிருக்கிறது. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? மூன்று விநாடியா, மூன்று நிமிடமா? ஒருவர் கடகட என்பதை இன்னொருவர் டக்டக் என்பார், மூன்றாமவர் டிக்டிக் என்பார். சத்தத்துக்கு வைக்கும் பெயரை நம்பி முடிவெடுக்க முடியாது. எப்போது ஆரம்பித்து எப்போது நின்றது என்பதை நம்பலாம்.

அதனால் நாளைக் காலையில் பானட்டைத் தூக்கிவிட்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, போனில் வீடியோ எடுங்கள். ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். உள்ளே இருப்பவர் ஆயில் பிரஷர் விளக்கு எப்போது அணைகிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். அதற்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். இன்ஜின் சத்தம் என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

சத்தம் இரண்டு, மூன்று விநாடியில் நின்றுவிட்டால் அது ஆயில் வந்துசேரும் தாமதம். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது மேலே இருந்த ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அந்த இடைவெளியில் ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்யும் பாகங்கள் தளர்ந்து ஆடுகின்றன. டைமிங் செயினை (கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் இருந்து அவை திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வு டைமிங் கியர், இந்த மூன்றும்தான் அவை. செயின் என்றால் இன்ஜினின் ஒரு பக்க மூடிக்குள்ளிருந்து சங்கிலியை உலுக்குவது போல வரும். டாப்பெட் சத்தம் மேலே, வால்வு கவரிலிருந்து, மெல்லியதாக வரும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டி இந்த வகைதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்லாவற்றிலும் மலிவான ஆயில் ஃபில்டரை. பெரும்பாலான ஃபில்டர்களுக்குள், ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்க ரப்பரிலோ சிலிக்கானிலோ ஒரு வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரமே விறைத்துப்போய் சரியாக மூடாது. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட இன்ஜின் என்றால் இரவோடு இரவாக அது காலியாகிவிடும். சத்தம் போன ஆயில் சர்வீசுக்குப் பிறகுதான் ஆரம்பித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆம் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, ஆயிலின் தடிமன். கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும் இன்ஜினில், "வண்டி பழசாகிவிட்டது, கெட்டி ஆயில் போட்டால் சத்தம் குறையும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடான இன்ஜினில் சத்தம் குறையவும் செய்யலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் அந்த ஆயில் குறுகலான வழிகளில் ஏறத் தயங்கும், காலைச் சத்தம் நீளும். எனக்கு இந்த வைத்தியத்தில் உடன்பாடே இல்லை.

சரி, நல்ல ஃபில்டர், கையேடு சொல்லும் ஆயில் இரண்டையும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அப்புறமும் சத்தம் வந்தால் டென்ஷனரையும் செயினையும் பார்க்க வேண்டியதுதான். அங்கேயும் உடனே பிரிக்கத் தேவையில்லை. ஸ்கேனரை மாட்டி, கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கலாம். பி0016 போன்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் செயின் நீண்டிருக்கக்கூடும். ஆனால் அந்தக் குறியீடு சென்சார் கோளாறாலும் வரும், வால்வு டைமிங் கியர் சிக்கிக்கொண்டாலும் வரும். குறியீடு ஒன்றை மட்டும் காட்டி செயின் செட்டையே மாற்றச் சொன்னால், வேறு என்ன சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

வீடியோவில் சத்தம் சில விநாடியோடு நிற்காமல் நிமிடக் கணக்கில் நீடித்தால் கதை வேறு. இன்ஜின் சூடாகச் சூடாகச் சத்தம் மெதுவாகக் குறைந்து மறையக் காரணம் பெரும்பாலும் உலோகம் விரிவதுதான். இப்படி மறையும் சத்தங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் தட்டுவது. பிஸ்டனின் அலுமினியம், சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. அதனால் குளிரில் பிஸ்டனைச் சுற்றி இடைவெளி அதிகம், சூட்டில் குறைவு. தேய்ந்த இன்ஜினில் அந்த இடைவெளி அதிகமாகி, உள்ளீடற்ற ஒரு டொக்டொக் கேட்கும். சூடானதும் முழுக்க அடங்கிவிட்டால், ஆயிலும் குடிக்காவிட்டால், அப்படியே பல ஆண்டுகள் ஓடும் இன்ஜின்கள் உண்டு. குளிர்ந்திருக்கும்போது விரட்டாமல் ஓட்டினால் போதும்.

இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியில், கசிவு. கேஸ்கெட் போயிருந்தாலோ, ஒரு போல்ட் முறிந்திருந்தாலோ, புகை அந்த இடுக்கில் டிக்டிக் என்று வெடித்து வெளியேறும். சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். இதை டாப்பெட் என்று நினைத்து வால்வு கவரைக் கழற்றியவர்கள் ஏராளம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: கசிவு இருந்தால் மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கருப்பாகக் கரி படிந்திருக்கும். தவிர, லோடு கொடுத்தால் கசிவுச் சத்தம் நன்றாகவே உயரும்.

கீச்சென்று இழுத்தால் அது பெல்ட். ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஈடுகட்ட ஓடுவதால் பெல்ட்டுக்கு அப்போது பாரம் அதிகம், பனி ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. நின்றுவிட்டு மறுபடி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கை, துணி, தலைமுடி எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. சாவி திருப்பும்போது மட்டும் கிர்ரென்று அரைத்தால் அது இன்ஜினே இல்லை, செல்ஃப் மோட்டார்.

பழுதே இல்லாத சத்தங்களும் உண்டு. பெட்ரோல் கார்களில் குளிர் ஸ்டார்ட்டில் வேகம் 1,200 ஆர்.பி.எம்.முக்கு மேலே நிற்பது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கத்தான். சில வண்டிகளில் அதற்கென்றே ஒரு காற்று பம்ப் ஒரு நிமிடம் ரீங்கரிக்கும். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும் தையல் மெஷின் மாதிரி ஓயாமல் டிக்டிக்கென்று அடிக்கும். டீசல் வண்டி குளிரில் கூடுதலாகத் தட்டுவதும் சகஜம்.

நான் பயப்படுவது எதிர்த்திசையில் போகும் சத்தத்துக்கு: சூடான பிறகும் போகாமல், அல்லது சூடாகச் சூடாக வலுத்து, அடியிலிருந்து கனமாக வரும் தட்டல். ஆயில் சூட்டில் மெலியும்போது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தேய்ந்த பேரிங் அப்படித்தான் அடிக்கும். அது கேட்டாலோ, சத்தத்தோடு ஆயில் விளக்கும் அணையாமல் நின்றாலோ, உடனே ஆஃப் செய்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். "இவ்வளவு தூரம்தானே" என்று ஓட்டினால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும்.

உங்கள் வண்டியின் சத்தம் மூன்று விநாடிக்குள் அடங்கி, விளக்கும் ஒழுங்காக அணைந்தால், ஃபில்டர் மாற்றும் வரை தாராளமாக ஓட்டலாம். ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் ரெய்ஸ் பண்ண வேண்டாம். ஃபில்டர் மாற்றியும் தீராவிட்டால் வண்டியை முந்தின நாள் மாலையே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள் வரும் வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது, இடம் மாற்றி நிறுத்தக்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, வீடியோவையும் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.