நைஜீரியாவின் கழுகுக் குஞ்சுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பை பற்றிச் சென்ற முறை எழுதியதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் பாதிக்கும் மேல் ஒரே நாட்டை, அதாவது நைஜீரியாவைப் பற்றியவை. அந்நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியின் செல்லப்பெயர்தான் கழுகுக் குஞ்சுகள். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து, தனி அஞ்சலாக எழுத வேண்டிய சிலவற்றை விலக்கி, மற்றவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இந்தக் கோப்பையை நைஜீரியா எத்தனை முறை வென்றிருக்கிறது? பிரேசிலைவிடவும் அதிகமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஆம், அதிகம்தான். 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஐந்து ஆண்டுகளில் நைஜீரியா வென்றிருக்கிறது. பிரேசில் நான்கு முறை வென்றிருக்கிறது. இதைவிட வியப்பான கணக்கு ஒன்று உண்டு. இந்தப் போட்டிக்கு 12 முறை மட்டுமே தகுதி பெற்ற நைஜீரியா, அவற்றில் எட்டு முறை இறுதி ஆட்டம் வரை சென்றிருக்கிறது. தோற்ற மூன்று இறுதி ஆட்டங்கள் 1987-இல் சோவியத் ஒன்றியத்திடமும், 2001-இல் பிரான்ஸிடமும், 2009-இல் சொந்த மண்ணில் சுவிட்சர்லாந்திடமும் ஆடியவை. அதாவது, இந்த அணிக்கு உலகக் கோப்பைக்குள் நுழைவதுதான் கடினம். நுழைந்துவிட்டால் பெரும்பாலும் கடைசி நாள் வரை ஊர் திரும்புவதில்லை. 2003-இல் முதல் சுற்றிலேயே வெளியேறியது இந்த வழக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு. பின்னாளில் செல்சி அணியில் புகழ்பெற்ற ஜான் ஓபி மிக்கேல் அந்த அணியில்தான் இருந்தார் என்பது கூடுதல் வியப்பு.

1985 வெற்றியை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? அப்போது அது சிறிய போட்டிதானே? (மதுரை வாசகர்)

சிறிய போட்டிதான். பதினாறு அணிகள் சீனாவில் ஆடிய அந்தப் போட்டிக்கு அன்று உலகக் கோப்பை என்ற பெயர்கூட இல்லை. வயது வரம்பும் 16. அது 17 ஆக உயர்ந்தது 1991-இல்தான். ஆனாலும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா நடத்திய உலகப் போட்டி ஒன்றை ஆப்பிரிக்க நாடு வென்றது அதுவே முதல் முறை. பெய்ஜிங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர்கள் ஜொனதன் அக்போபோரியும் விக்டர் இக்பினோபாவும். செபாஸ்டியன் பிராடெரிக் பயிற்றுவித்த அந்த அணியின் தலைவர் இன்டூகா உக்பாடே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் மீண்டும் வருவார்.

உண்மையைச் சொல்லுங்கள்: வயதைக் குறைத்துக் காட்டித்தானே வென்றார்கள்? (சென்னை, யாழ்ப்பாணம், சேலம் என ஏழு பேர், ஏறத்தாழ ஒரே சொற்களில்)

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவர் எவராயினும் அவரை நம்ப வேண்டாம்.

குற்றச்சாட்டு வெறும் பேச்சாக நிற்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1988 ஒலிம்பிக்குக்காக மூன்று வீரர்களுக்குத் தரப்பட்ட பிறந்த தேதிகள், அவர்களே முந்தைய போட்டிகளில் தந்த தேதிகளோடு ஒத்துவராததைக் கண்டுபிடித்த ஃபிஃபா, நைஜீரியாவின் இளையோர் அணிகளைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்தது. 1991 உலக இளையோர் (இருபது வயதுக்குட்பட்டோர்) போட்டியை நடத்தும் உரிமையும் பறிக்கப்பட்டு போர்ச்சுகலுக்குப் போயிற்று. அதே 1991-இல் இத்தாலியில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் நைஜீரியா இல்லை. அண்டை நாட்டவரான கானா அதை வென்றார்கள்.

ஆவணத்தை வைத்து வயதைத் தீர்மானிப்பதில் உள்ள சிக்கல், பிறந்தவுடன் பதிவு செய்யும் வழக்கம் முழுமையாக வேரூன்றாத நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதே பிறந்த தேதியாகிப் போன பெரியவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஆகையால்தான் 2009-இல் ஃபிஃபா காகிதத்தை ஒதுக்கிவிட்டு எலும்பைப் பார்க்கத் தொடங்கியது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில், வளரும் வயதில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது எலும்பைக் குறுக்கே வெட்டும் கோடு போலத் தெரியும். வயது ஏற ஏற அந்தக் கோடு ஓரங்களில் மங்கி, உடைந்து, கடைசியில் மறைந்து, இரு பகுதிகளும் ஒரே எலும்பாகிவிடும். இதை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் நிலை, அதாவது கோடு முற்றிலும் மறைந்த நிலை, 17 வயதைத் தாண்டாத ஒருவரிடம் காணப்படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எக்ஸ்ரேயை விடுத்து எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்ததற்குக் காரணம், நலமாக இருக்கும் பிள்ளைகளின் மேல் தேவையின்றிக் கதிர்வீச்சு படக்கூடாது என்பதே.

இந்தச் சோதனை ஒருவரின் வயதைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 18 வயதிலும் தட்டு மூடாத இளைஞர்கள் பலர் உண்டு. அவர்கள் சோதனையில் தேறிவிடுவார்கள். முந்தியே மூடிவிட்ட ஓரிரு நேர்மையான சிறுவர்கள் தவறாக விலக்கப்படவும் கூடும். ஆகவே இதை மிகப் பெரிய மீன்களை மட்டும் பிடிக்கும் வலை என்று கருதுவதே சரி.

அந்த வலை விரிந்த முதல் போட்டியை நடத்தியதே நைஜீரியாதான். போட்டிக்கு முன் தன் வீரர்கள் பலரைத் தானே நீக்கவும் நேர்ந்தது. அவசரத்தில் கட்டியெழுப்பிய அணி, தொடக்க ஆட்டத்தில் மரியோ கோட்ஸே ஆடிய ஜெர்மனியிடம் 0-3 என்று பின்தங்கியிருந்து 3-3 என்று சமன் செய்தது. பிறகு இறுதி ஆட்டம் வரை சென்று, ஹாரிஸ் செஃபெரோவிச் அடித்த ஒரே கோலில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது. (நெய்மர், கூச்சின்யோ, கசெமிரோ, அலிசன் ஆகிய நால்வரும் இருந்த பிரேசில் அணி அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது என்பதை இளையோர் போட்டிகளை வைத்து ஆரூடம் சொல்பவர்கள் மறக்கக்கூடாது.) அதற்குப் பிறகு, சோதனை வழக்கமாகிவிட்ட காலத்தில்தான், 2013-இலும் 2015-இலும் அடுத்தடுத்துக் கோப்பையை வென்றார்கள். பழைய வெற்றிகளில் எத்தனையைச் சந்தேகிப்பது என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம். ஆனால் வயதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதம் இந்த இரண்டு கோப்பைகளின் முன் நொண்டியடிக்கிறது என்பதே என் கருத்து. சந்தேகம் நைஜீரியாவோடு நின்றதும் இல்லை. 1989 இறுதி ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் பெனால்டியில் தோற்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் அந்தச் சவூதி வீரர்களின் வயதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐந்து அணிகளில் சிறந்தது எது? (திருச்சி வாசகர்)

ஆட்டத்தின் அழகுக்கு 2013. மனு கார்பா பயிற்றுவித்த அந்த அணி ஏழு ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்து ஐந்து மட்டுமே வாங்கியது. நடப்புச் சாம்பியனான மெக்சிகோவை முதல் ஆட்டத்தில் 6-1 என்றும், அபுதாபியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என்றும் வென்றார்கள். போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து கெலெச்சி இஹியனாச்சோவுக்குக் கிடைத்தது. 1993 அணிக்கும் என் மனத்தில் தனி இடம் உண்டு. டோக்கியோவில் கானாவை 2-1 என்று வென்ற அந்த அணியில் இன்வாங்கோ கானு, செலஸ்டின் பாபயாரோ, வில்சன் ஒருமா என்று மூவர் ஒன்றாக ஆடினார்கள்.

2007 அணியை அழகுக்காக யாரும் நினைவுகூர்வதில்லை. சியோலில் ஸ்பெயினுடன் 0-0 என்று முடிந்த இறுதி ஆட்டத்தைப் பெனால்டியில் 3-0 என்று வென்றார்கள். ஸ்பெயின் அடித்த மூன்றில் ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. அரையிறுதியில் நடுவரால் வெளியேற்றப்பட்ட முன்கள வீரர் போயான் அன்று ஆட முடியாமல் போனது ஸ்பெயினின் துரதிர்ஷ்டம். நைஜீரியாவின் பயிற்சியாளர் யெமி டெல்லா அப்போது நுரையீரல் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். கோப்பையோடு ஊர் திரும்பிய சில வாரங்களில், அக்டோபரில், காலமானார்.

2015-இல் ஆப்பிரிக்கப் போட்டியில் நான்காவதாக வந்த அணி எப்படி உலகக் கோப்பையை வென்றது? அச்சுப்பிழையா? (புதுச்சேரி வாசகர்)

அச்சுப்பிழை இல்லை. அந்த ஆண்டு நைஜரில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் மாலி முதலிடம் பெற்றது, நைஜீரியா நான்காவது. அரையிறுதிக்கு வந்த நால்வருக்கும் உலகக் கோப்பை இடம் உண்டு என்பதால் சிலி செல்ல வாய்ப்புக் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் பயிற்சியாளர் இம்மானுவேல் அமுனெக்கே அணியைச் சீர்செய்தார். அங்கே குரோஷியாவிடம் ஓர் ஆட்டம் தோற்றாலும், ஆஸ்திரேலியாவை 6-0, பிரேசிலை 3-0, மெக்சிகோவை 4-2 என்று வென்று, இறுதியில் அதே மாலியைச் சந்தித்தார்கள்.

இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து நடந்த அந்த ஆட்டத்தைக் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் மறந்திருக்காது. நைஜீரியாவுக்குக் கிடைத்த பெனால்டியை அதுவரை எல்லா ஆட்டத்திலும் கோல் அடித்திருந்த விக்டர் ஒசிம்ஹென் உதைக்க, மாலியின் கோல்கீப்பர் சாமுவேல் டியாரா தடுத்துவிட்டார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அதோடு சோர்ந்துபோவதே இயல்பு. இரண்டாம் பாதியில் ஒசிம்ஹென்னே முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஃபுன்ஷோ பாம்க்போயே இரண்டாவதை அடித்தார். ஒசிம்ஹென்னின் கணக்கில் பத்து கோல்கள் சேர்ந்தன. அதுவரை இந்தப் போட்டியில் ஒன்பதைத் தாண்டியவர் எவரும் இல்லை. லாகோஸ் நகரப் போக்குவரத்து நெரிசலில் வாகனங்களுக்கு இடையே தண்ணீர் பாக்கெட் விற்று வளர்ந்தவர் அவர்.

இத்தனை கோப்பைகள் வென்ற நாட்டின் மூத்தோர் அணி ஏன் உலகக் கோப்பையில் கால் இறுதிக்குக்கூடப் போனதில்லை? (ஈரோடு வாசகர்)

1994, 1998, 2014 ஆகிய மூன்று முறை கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாக நின்றதே மூத்தோர் அணியின் உச்சம். 2022-க்கும் 2026-க்கும் தகுதியே பெறவில்லை. இளையோர் வெற்றி வீணாயிற்று என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் வீழ்த்தித் தங்கம் வென்ற அணியில் 1993-இன் கானு, பாபயாரோ, ஒருமா மூவரும் இருந்தார்கள், கானுதான் தலைவர்.

இடையில் அறுந்துபோகும் நூல், பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கிறது. 2007-இல் ஏழு கோல்களோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி பெற்ற மக்காலி கிறிசாண்டஸ், ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியில் சேர்ந்தும் அதன் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் போட்டியில் நைஜீரியாவிடம் அரையிறுதியில் தோற்ற ஜெர்மனியின் டோனி குரோஸ், ஏழு ஆண்டுகளில் மூத்தோர் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். குரோஸ் தன் நாட்டிலேயே, தன் மொழி பேசும் பயிற்சியாளர்களிடம், வாரந்தோறும் ஆடி வளர்ந்தார். கிறிசாண்டஸோ இளம் வயதிலேயே கண்டம் தாண்டி, குளிரிலும் தனிமையிலும், வாடகை வீரராக அணி விட்டு அணி மாறினார். 2015-இல் தங்கப் பந்து வென்ற தலைவர் கெலெச்சி இன்வாகாலிக்கும் ஆர்சனலில் இதே கதைதான். அதே அணியின் ஒசிம்ஹென் நாப்போலியை இத்தாலியச் சாம்பியனாக்கி 2023-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரானார். ஓர் அணியில் இருவர் இப்படி வேறுவேறு திசையில் போவதைத் திறமையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

2017-இல் இந்தியாவில் நடந்தபோது கொச்சிக்குச் சென்று நைஜீரியாவைப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஏன் வரவில்லை? (நாகர்கோவில் வாசகர்)

நைஜர் என்ற அண்டை நாடு தகுதிச் சுற்றில் அவர்களை வெளியேற்றிவிட்டது. நைஜீரியாவுக்குப் பதில் நைஜர் கொச்சிக்கு வந்தது. பெயர் ஒற்றுமையால் குழம்பிய ரசிகர்கள் உண்டு. ஆனால் 2022-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக்காக நைஜீரியாவின் ஃபிளமிங்கோஸ் அணி இந்தியா வந்து, நவி மும்பையில் ஜெர்மனியைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பெற்றது. அதைப் பார்க்கத் தவறியிருந்தால், வருந்த வேண்டியது அதற்குத்தான்.

நான்கு கோல் பின்தங்கி நைஜீரியச் சிறுவர்கள் வென்ற ஆட்டம் எந்த ஆண்டு? இப்போது அணி ஏன் காணாமல் போயிற்று? (கொழும்பு வாசகர்)

அது இந்த அணி அன்று. இருபது வயதுக்குட்பட்டோர் அணியான ஃப்ளையிங் ஈகிள்ஸ். 1989 பிப்ரவரியில் சவூதி அரேபியாவின் தமாம் நகரில், சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான கால் இறுதியில் 0-4 என்றிருந்து, கடைசி அரைமணி நேரத்தில் 4-4 ஆக்கிப் பெனால்டியில் வென்றார்கள். நான்காவது கோலை அடித்தவர் இன்டூகா உக்பாடே.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். 2019-இல் நெதர்லாந்திடம் தோற்றபின் 2025 வரை இந்த அணி உலகக் கோப்பையில் ஆடவில்லை. பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி என்பது ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் முழுதாகக் கலைந்து புதிதாகப் பிறப்பது; ஐந்து கோப்பை வென்ற அனுபவம் வீரர் எவரிடமும் தங்குவதில்லை, தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தில்தான் தங்குகிறது. அது ஓர் ஆண்டு தளர்ந்தாலும் போதும். ஆப்பிரிக்கப் போட்டிக்குத் தகுதி பெறவே, மேற்கு ஆப்பிரிக்காவின் கிழக்கு மண்டலத்தில் கானா, ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ ஆகியோரோடு மோதி முதல் இரண்டு இடங்களுக்குள் வர வேண்டியிருந்தது. 2024-இல் அங்கேயே வழி அடைபட்டதால், அணிகளின் எண்ணிக்கை 48 ஆக உயர்ந்த 2025 போட்டியிலும் நைஜீரியா இல்லை.

அதற்கு முந்தைய முயற்சியின் தலைமைப் பயிற்சியாளர் உக்பாடேதான். 1985-இல் தலைவராகக் கோப்பையை ஏந்தி, 2013-இல் துணைப் பயிற்சியாளராக மீண்டும் அதைப் பார்த்தவர், 2023-இல் ஆப்பிரிக்கப் போட்டிக்காகத் தம் அணியோடு அல்ஜீரியா சென்றார். கால் இறுதியில் வென்றிருந்தால் உலகக் கோப்பை இடம் உறுதியாகியிருக்கும். புர்கினா ஃபாசோ 2-1 என்று வென்றது.