வாசகர் கேள்வி-பதில்: காட்டுக்கோழியைப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: வால்பாறைப் பக்கம் போகும்போதெல்லாம் காட்டுக்கோழி கண்ணில் படுகிறது. கேமராவைத் தூக்குவதற்குள் புதருக்குள் ஓடிவிடுகிறது. என்னிடம் 70-300 லென்ஸ்தான் இருக்கிறது. பெரிய லென்ஸ் வாங்கிவிடட்டுமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: லென்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டியை விட்டு இறங்குவதை நிறுத்துங்கள். காலங்காலமாகக் கண்ணிக்கும் துப்பாக்கிக்கும் தப்பி வந்த பறவை அது, நடந்து வரும் மனிதனைக் கண்டால் நிற்கவே நிற்காது. ஆனால் அதே சேவல், என்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நிற்கும் காரைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டுக் கிளற ஆரம்பித்துவிடும். (புலிகள் காப்பகச் சாலைகளில் இதைச் செய்யாதீர்கள், அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது, நான் சொல்வது எஸ்டேட் சாலைகளுக்கு.) விடிந்தவுடன் ஒரு மணி நேரம், பொழுது சாயும் முன் ஒரு மணி நேரம், தேயிலையும் காடும் சந்திக்கிற ஓரங்களில், உண்ணிச்செடிப் புதர்களை ஒட்டி வரும். ஒருநாள் பார்த்த இடத்துக்கே மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். கண்ணாடியை முன்பே இறக்கிவிட்டு, அரிசி நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள், 300 மி.மீ. தாராளமாகப் போதும். கோழிக்குத் தலை ஒரு நொடி சும்மா இருக்காது என்பதால் ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

சேவலின் கழுத்திறகில் மெழுகுத் துளி மாதிரி மின்னும் புள்ளிகள்தான் படத்துக்கு உயிர். நிழலில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி அவற்றை வெளுக்க வைத்துவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) அரை ஸ்டாப்பாவது, அதாவது அரைப் படியாவது குறையுங்கள். மேலைநாட்டுத் தூண்டில்காரர்கள் பொய்ப்பூச்சி கட்டுவதற்காகவே ஒரு காலத்தில் இந்த இறகுகள் கப்பலேறின, அந்த அழகு அப்படி! ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இறகு உதிர்ந்து சேவல் மங்கிப்போய்த் திரியும். டிசம்பருக்கு மேல் போங்கள். கூவலும் அப்போது நன்றாகக் கேட்கும், இடம் பிடிப்பது சுலபம்.

கேள்வி: கவுதாரியின் குரலை மொபைலில் போட்டால் பக்கத்தில் வருமாமே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும், தன் இடத்துக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று சண்டைக்கு வரும். இனப்பெருக்க நேரத்தில் அதற்கு இது வீண் தொல்லை, உங்களுக்கும் தேவையே இல்லை. காலையில் அதுவாகவே கரையான் புற்றிலோ பாறையிலோ ஏறி நின்று ஊரையே எழுப்பும். அப்படி ஒரு புற்றைக் கண்டுபிடித்து, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, விடிவதற்கு முன்பே போய்த் தரையோடு படுத்துவிடுங்கள். எழுந்து நெருங்கினால் போச்சு, விர்ரென்று பறந்துவிடும்.

கேள்வி: தானியம் தூவலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் சார். சாலையோரத்துக்குப் பழகிய கோழி வண்டியில் அடிபடும், இல்லையென்றால் கண்ணியில் மாட்டும். காட்டுக்கோழியைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் கண்ணி வைப்பவனும் இணையத்தில் படம் பார்க்கிறான். அதனால் படம் போடும்போது ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த வளைவு, எந்தப் பாலம் என்றெல்லாம் எழுத வேண்டாம்.