வெடியுப்பு ஊர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அட்டகாமா பயணக் கட்டுரையைப் படித்ததிலிருந்து சிலிக்கும் பொலிவியாவுக்கும் போகும் ஆசை பிடித்துக்கொண்டது. வரும் ஆகஸ்டில் கிளம்புகிறேன். கூட வருவதாகச் சொன்ன இரண்டு நண்பர்களும் பின்வாங்கிவிட்டார்கள். பொலிவியாவின் உயுனி உப்புவெளிக்குப் போக, முன்பின் தெரியாத ஐந்து பேரோடு மூன்று நாள் ஒரே ஜீப்பில் இருக்கவேண்டும் என்கிறார்கள். பாலைவனத்துக்குப் போவதே தனிமைக்காகத்தானே, அவர்கள் பேச்சு அதைக் கெடுத்துவிடாதா? வழியில் உள்ள ஊர்களில் தங்கவேண்டுமா, நேராக உப்புவெளிக்கே போய்விடலாமா?

செ.

அன்புள்ள செ.,

ஊர்களை விட்டுவிடாதீர்கள். உப்புவெளியைப் படத்தில் பார்த்தாலும் ஓரளவு பிடிபடும். அந்த ஊர்கள் அப்படியல்ல. எனக்கே அவை பிடிபட்டது கூட வந்தவர்களால்தான். எனவே உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

வட சிலியின் இக்கீக்கே துறைமுகத்திலிருந்து கிழக்கே பாலைவனத்துக்குள் ஏறினால் ஒரு மணிநேரத்துக்குள் ஹம்பர்ஸ்டன் வந்துவிடும். வெடியுப்பு, அதாவது நைட்ரேட், தோண்டிய தொழிலாளர்களின் குடியிருப்பு, 1960இல் மூடப்பட்டது. 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கடைத்தெரு, நாடகக் கொட்டகை, பள்ளிக்கூடம், இரும்புத் தகடுகளால் ஆன நீச்சல்குளம் எல்லாம் நிற்கின்றன. மனிதர்கள் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் உலகத்து வயல்களுக்கு உரமும் பீரங்கிகளுக்கு வெடிமருந்தும் இந்த மண்ணிலிருந்து போயின. இதற்காகத்தான் 1879இல் போர் மூண்டது, பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. பிறகு ஜெர்மானியர்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்து உரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

இதெல்லாம் நான் படித்துவிட்டுப் போனது. எங்கள் விடுதியிலிருந்து கூட வந்தவர்களில் அறுபதைத் தாண்டிய சிலிக்கார அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா இப்படி ஒரு குடியிருப்பில் பிறந்தவர். ஸ்பானிஷ் தெரிந்த ஒரு பிரேசில் இளைஞன் அவர் சொல்வதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். ஃபிச்சா என்பார்கள். கூலியைப் பணமாகக் கொடுக்காமல் இந்த வில்லையாகத்தான் கொடுத்தார்களாம், அதுவும் அந்தக் கம்பெனியின் கடையில் மட்டுமே செல்லும். வில்லைக்கு முழு மதிப்பு கொடு என்பதும் 1907இல் பாலைவனத்திலிருந்து இக்கீக்கேக்கு இறங்கி வந்த தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. டிசம்பர் 21 அன்று, சாந்தா மரியா பள்ளியில் தங்கியிருந்த அவர்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை.

திரும்பும் வழியில் ஒரு கல்லறைத்தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மழையே இல்லாத மண் என்பதால் மரச்சிலுவைகள் இற்றுப்போகவில்லை. பூ கிடைக்காத இடம், தகரத்தில் பூ வெட்டி மாலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன மரவேலிக்குள் இருப்பவை குழந்தைகளின் குழிகள். அந்த அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து வயதை வாசித்தார். இரண்டு. ஒன்று. நான்கு. கொஞ்ச நேரத்தில் பிரேசில் பையன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். எனக்கும் அது தேவைப்படவில்லை. தனியாகப் போயிருந்தால் தகரப்பூவைப் படமெடுத்துக்கொண்டு வந்திருப்பேன், செ.

கலாமாவுக்குப் போகும் பஸ்ஸிலும் அவர்தான் சொன்னார். ராணுவம் ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதம், 1973 அக்டோபரில், அந்த ஊரில் 26 பேரைக் கொன்று பாலைவனத்தில் புதைத்தார்கள். அவர்களுடைய வீட்டுப்பெண்கள் மண்வெட்டியோடு ஆண்டுக்கணக்கில் இந்த மண்ணைத் தோண்டித் தேடினார்கள். 1990இல் கிடைத்தவை எலும்புத் துண்டுகள். அதைக் கேட்ட பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததை வெறும் வெளி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். சான் பெத்ரோ டி அட்டகாமா 2,400 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பிய அன்றே 4,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவீர்கள். லகுனா கொலராடா ஏரிக்கு அருகே தங்கிய இரவு எனக்கு மண்டை பிளந்தது, வாந்தி நிற்கவில்லை. அன்று காலைதான் அறிமுகமான ஒரு பெண் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாகக் கோக்கா இலைத் தேநீர் கொடுத்தாள். அவளை மறக்கமாட்டேன். அந்த உயரத்தில் தனிமையைத் தேடாதீர்கள். அது உப்புவெளியில் தானாகவே கிடைக்கும்: 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த வெள்ளை, வண்டியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உங்கள் மூச்சு மட்டும்தான் கேட்கும்.

சான் பெத்ரோவில் இரண்டு இரவாவது தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், இரவில் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போகும். நல்ல கம்பளி உடை வேண்டும். சிலிக்குத் திரும்பி வருவதானால் பழம், கோக்கா இலை எதையும் பையில் வைத்துக்கொண்டு எல்லைக்குப் போகாதீர்கள், அனுமதியில்லை. ஜீப்பில் கடைசி வரிசை ரொம்ப நெருக்கடி. முறை வைத்து மாறி மாறி உட்காருவோம் என்று முதல் நாள் காலையிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடும்.

அன்புடன்