ரிக் வண்டி எந்த ஊர்?

வணக்கம் ஐயா,

மின்சார ஆட்டோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெட்ரோலுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கிறோம், மின்சாரத்துக்கும் சோலாருக்கும் மாறுவோம் என்கிறீர்கள். சரி, சோலார் தகடும் பேட்டரியும் மட்டும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் சீனாவிலிருந்துதானே? ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போய் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்? உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோதும் பெட்ரோல் பங்க்கில் எங்களுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. சாமானியனுக்கு இதில் என்ன கிடைக்கும்?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

சீனா பற்றிய கேள்வி நியாயமானது. அந்தக் கட்டுரையில் நான் அதைத் தொடாமல் நழுவிவிட்டேன்.

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்குகிறவர் வாரம் தவறாமல் வாங்கியாக வேண்டும். லாரி வராவிட்டால் குடம் காலி. வீட்டில் போர்வெல் போட்டவர் கதை வேறு. துளை போட்ட ரிக் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது என்பதற்காக அவர் தினமும் திருச்செங்கோட்டுக்காரரிடம் கையேந்துவதில்லை. எண்ணெய் எரிந்தால் போச்சு. தகடு 25 வருடம் மாடியில் கிடக்கும். நாளைக்கே சீனா விற்க மறுத்தாலும் மாட்டிய தகடு ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக மாட்டுவதுதான் தடைப்படும். பேட்டரிக்கு ஆயுள் குறைவு. அதில் உங்கள் பயம் பயம்தான். இங்கேயே செய்யப் பழகும்வரை இருக்கும்.

நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. சமையல் கேஸில் பாதிக்கு மேல். எல்லாம் பெரும்பாலும் டாலர் கணக்கு. 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை ஏறியது. மறு வருடம் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளிடம் அடகு வைத்தது. எண்ணெய் மட்டுமே காரணமில்லை, ஆனால் பெரிய காரணம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வருடம் நாடே அப்படி நின்றது.

சாமானியனுக்கு என்ன என்று கேட்டீர்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கடைகளுக்கான சிலிண்டர் 2400 ரூபாயைத் தாண்டியது. மதுரை சிம்மக்கல்லில் நான் டீ குடிக்கும் கடையில் விலைப்பலகை மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பேனாவால் புது விலை எழுதியிருந்தார்கள். வடை விலை ஏறவில்லை, வடை சிறுத்திருந்தது. கேட்டேன். "எங்கிட்டோ சண்டை போடுறாய்ங்க, எனக்கு இங்க வடை சுருங்குதுண்ணே" என்றார் கடைக்காரர்.

பங்க் விலையில் கணிசமான பகுதி வரி என்பதை நான் மறுக்கவில்லை. எண்ணெய் பயன்பாடு குறைந்தால் அந்த வரி வருமானமும் குறையும், அரசு வேறெங்காவது கை வைக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

இன்னொன்று. மின்சார ஆட்டோ குடிப்பதும் பாதிக்கு மேல் நிலக்கரி மின்சாரம்தான். ஆனால் அது பெரும்பாலும் நம் நாட்டுக் கரி. புகை இருக்கிறது, பணம் மட்டும் கப்பலேறவில்லை. புகையும் வேண்டாமென்றால் வெயில்தான். கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. அத்தனை நிலத்தை வளைப்பதைவிட வீட்டு மாடிகளே மேல் என்பது என் கட்சி. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

மாட்டும் எண்ணமிருந்தால், முதலில் மாடியில் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பாருங்கள். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று மணிக்கே வந்துவிடுகிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.