தூண்களுக்கு இடையே எவ்வளவு விட வேண்டும்?

கேள்வி: ராமேசுவரம் கோயிலின் நீண்ட பிரகாரத்தைப் பென்சிலில் வரைகிறேன். கோடுகள் எல்லாவற்றையும் ஒரே மறைபுள்ளிக்குத்தான், அதாவது தொலைவில் அவை ஒன்றுசேர்வதாகத் தோன்றும் புள்ளிக்குத்தான், கொண்டுபோகிறேன். இருந்தும் ஆழம் வரவில்லை. தூண்களின் இடைவெளியை ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது சரியா?

பதில்: சரியில்லை. இது பழைய தவறு. 1435-இல் ஓவியக்கலை பற்றி எழுதிய இத்தாலியர் ஆல்பெர்ட்டி, அக்கால ஓவியர்கள் இப்படி மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே போவதைக் கண்டித்திருக்கிறார். நிலையான விகிதம் எதுவும் கிடையாது. இடைவெளியை மூலைவிட்டம்தான் சொல்லும்.

முதல் இரண்டு தூண்களை மட்டும் கண்ணளவாக நிறுத்துங்கள். முதல் தூணின் உச்சி, நடு, அடி ஆகிய மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுங்கள். இனி, முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு. அது அடிக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாவது தூண். இரண்டாவதன் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடு வழியாக இழுத்தால் நான்காவது கிடைக்கும். கடைசிவரை அளவுகோலில் அளக்க வேண்டிய வேலையே இல்லை. ஆனால் முதல் இடைவெளியில் அவசரப்படாதீர்கள். அது பிசகினால் வரிசை முழுவதும் பிசகும்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. தூண்களைத் தரையிலிருந்தே எழுப்பிவிட்டீர்களோ? அங்கே அவை நடைபாதையின் இருபுறமும் உள்ள உயரமான மேடைகள்மீது நிற்கின்றன. மேடையின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி, அதாவது நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு அருகில். எனவே மேடையின் மேல்விளிம்பு படத்தில் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே ஓடும். அதற்குக் கீழே உள்ள கோடுகள் மறைபுள்ளியை நோக்கி ஏறும்; கூரைக் கோடுகள் இறங்கும். விளிம்பைச் சரித்து வரைந்தால், எவ்வளவு நிழல் தீட்டினாலும் பிரகாரம் நம்பும்படி இராது. தரையில் உட்கார்ந்து பார்ப்பதாக வரைகிறீர்களென்றால் கண்மட்டக் கோட்டைத் தாழ்த்துங்கள். அப்போது அந்த விளிம்பும் மறைபுள்ளியை நோக்கி இறங்கத் தொடங்கும்.

தொலைவில் உள்ளதை வெளிறச் செய்யும் உத்தி மலைக்காட்சிகளுக்குப் பொருந்தும். கூரைக்குள் அதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று தூண்களில் மட்டும் சிற்ப வேலைப்பாட்டைக் காட்டி, பின்னால் போகப்போக வெறும் ஒளி, நிழல் பட்டைகளாக விட்டுவிடுங்கள். எல்லாத் தூணுக்கும் ஒரே அழுத்தத்தில் வெளிக்கோடு போடுவதுதான் படத்தைத் தட்டையாக்குகிறது.