கணக்கில் சேராத ஆட்டங்கள்

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கிலக் கால்பந்து வீரர்களின் புள்ளிவிவரங்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. ஆல்பர்ட் கெல்டார்ட் என்பவரின் பெயருக்கு நேராக 'போல்டன் வாண்டரர்ஸ், 1938–47' என்றிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள், லீக் ஆட்டங்களோ ஒரு சீசன் அளவுக்குத்தான். இரண்டாம் உலகப் போர்தான் காரணம் என்று தெரிகிறது. ஸ்டான்லி மேத்யூஸ் போன்ற மேதைகள் இழந்த ஆண்டுகளுக்காக எல்லோரும் வருந்துகிறார்கள். கெல்டார்ட் போன்ற நடுத்தர ஆட்டக்காரர்கள் அப்போது என்ன செய்தார்கள்? ஆடவே இல்லையா?

சு., திருச்சி

அன்புள்ள சு.,

அவர்கள் ஆடத்தான் செய்தார்கள். ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கெல்டார்டுக்காக ஒரு சிறு வக்காலத்து. 1929இல் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்காக லீக்கில் இறங்கியபோது அவருக்கு 15 வயதும் 158 நாளும். அதைவிடச் சின்னப் பையன் ஒருவன் லீக்கில் ஆட 2008 ஆகிவிட்டது. 1933இல் எவர்ட்டன் அணியில் ஆடி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார்; இங்கிலாந்துக்காக 4 முறை ஆடினார். 1938இல் போல்டனுக்கு மாறினார். அடுத்த ஆண்டே எவர்ட்டன் லீக் சாம்பியன்! சிலருடைய ராசி அப்படி.

1939–40 சீசன் தொடங்கி ஒவ்வோர் அணியும் இரண்டு மூன்று ஆட்டங்கள்தான் ஆடியிருந்தது. செப்டம்பர் 2, சனிக்கிழமை, சண்டர்லாந்துக்கு எதிராக ஆர்சனலின் டெட் டிரேக் நான்கு கோல் அடித்தார். மறுநாள் பிரிட்டன் போரை அறிவித்தது. சீசன் ரத்தானது, ஆடிய ஆட்டங்களும் செல்லாமல் போயின. டிரேக்கின் லீக் கணக்கில் அந்த நான்கு கோல்கள் இன்றுவரை கிடையாது.

வீரர்களின் ஒப்பந்தங்களையும் நிறுத்திவைத்தார்கள். வாரத்துக்கு 8 பவுண்டு என்பதுதான் அன்று ஒரு கால்பந்து வீரர் வாங்கக்கூடிய உச்சச் சம்பளம். அது போய், வட்டார அளவில் மீண்டும் ஆட்டங்கள் தொடங்கியபோது ஆட்டத்துக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு, கிடைத்தது. சம்பளம் நின்றதே, வீரர் இந்த க்ளப்புக்கு உரியவர் என்ற பதிவாவது நின்றதா என்றால் இல்லை. வீரரின் பெயர் பழைய க்ளப்பிடமே இருந்தது. காசு கொடுக்காத முதலாளி ஆளை மட்டும் விடமாட்டேன் என்கிற ஏற்பாடு இது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் முகாமுக்கு அருகில் இருக்கும் அணிக்கு 'விருந்தாளி'யாக ஆடலாம். இதனால் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. ஆல்டர்ஷாட் ஒரு சாதாரண மூன்றாம் டிவிஷன் அணி. ஆனால் ராணுவ நகரம். எனவே டாமி லாட்டன், ஜோ மெர்சர், ஸ்டான் கல்லிஸ் என்று இங்கிலாந்து அணியின் பெருந்தலைகள் அங்கே வந்து ஆடினார்கள். நேற்றுவரை அவர்களைச் செய்தித்தாளில் மட்டும் பார்த்த ஒரு கீழ்டிவிஷன் வீரர், இப்போது லாட்டனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தார். அதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மறுபக்கம் பாருங்கள்: 1940 கிறிஸ்துமஸ் அன்று பிரைட்டன் அணி ஐந்தே வீரர்களோடு நார்விச் போய்ச் சேர்ந்தது. மீதி இடங்களை நார்விச்சின் ரிசர்வ் ஆட்டக்காரர்களையும் வேடிக்கை பார்க்க வந்த சிப்பாய்களையும் கொண்டு நிரப்பினார்கள். முடிவு: நார்விச் 18, பிரைட்டன் 0.

போல்டனின் கதை வேறு. 1939 ஏப்ரல் 8 அன்று, அணியின் சொந்த மைதானமான பர்ண்டன் பார்க்கில் ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் ஹாரி காஸ்லின் மைக்கின் முன் நின்று, நாட்டுக்கு ஆபத்து வருகிறது, ஆளாளுக்கு முன்வர வேண்டும் என்று கூட்டத்திடம் பேசினார். பேசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சக வீரர்கள் பலரோடு உள்ளூர் பீரங்கிப் படைப்பிரிவில் சேர்ந்தார். டன்கிர்க், எகிப்து, பிறகு இத்தாலி. 1943 டிசம்பரில் இத்தாலியில் இறந்தார்.

மேத்யூஸுக்கு வருகிறேன். போர் தொடங்கும்போது அவருக்கு 24, லீக் திரும்பிய 1946இல் 31. பெரும் இழப்புதான். ஆனால் அவர் 50 வயதுவரை லீக்கில் ஆடினார்! அப்படியொரு உடம்பு ஊருக்கு ஒருவருக்குக்கூட வாய்ப்பதில்லை. கெல்டார்டும் அவரைப் போலவே வலது ஓரத்தில் வேகத்தை நம்பி ஆடியவர். 25 வயதில் நின்றது, 32இல் மீண்டும் தொடங்கியது. அந்த வயதில் ஓரத்து ஆட்டக்காரரின் கால் பழைய கணக்குப்படி ஓடாது. 1947இல் லீக்கை விட்டு டார்வென் என்ற சிறிய அணிக்குப் போனார்.

உங்கள் பட்டியலில் 1910க்கும் 1915க்கும் இடையில் பிறந்தவர்களைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். 1946க்குப் பிறகு எத்தனை பேருக்கு இரண்டு சீசனுக்கு மேல் இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.